புதிய மென்பொருளுக்கு முன் கடன் கணக்கைக் காப்பாற்றுங்கள்

மண்டூர், வெல்லாவெளி போன்ற படுவான்கரை ஊர்களில் கடை நடத்துபவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரும்போகத்தில் விதைப்புக்குக் கொடுத்த உரத்துக்கும் எண்ணெய்க்கும் அரிசி சாமானுக்கும் அறுவடை முடிந்த பிறகுதான் காசு வரும். அதுவரை கடைக்காரர் கையில் இருப்பது கடன் கணக்கு ஒன்றுதான். முன்பு அது கொப்பியில் இருந்தது. இப்போது பல கடைகளில் கணினிக்குள் இருக்கிறது.

அந்தக் கணினியில் புதிய பில் மென்பொருள் ஒன்றைப் போடும்போது பழைய கணக்கு அழிந்துபோனால் என்ன செய்வீர்கள்? யாரிடம் எவ்வளவு கேட்பீர்கள்? ஞாபகத்தில் உள்ளதைக் கேட்டால், கொடுத்து முடித்தவரிடமே மீண்டும் கேட்டுவிடவும் கூடும்.

பெரிய இடங்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் மாதம் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவையைக் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. சேவையை மீண்டும் இயக்கினார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. காலாவதியான மென்பொருளைத் தொடர்ந்து பாவித்ததும், அந்தக் காலத்துக்குத் தனியாக எடுத்து வைத்த பிரதி இல்லாததும் காரணங்கள். ஆகவே, புதியது எதையும் போடாமல் இருப்பதும் பாதுகாப்பல்ல.

நம்பிக்கையான நிறுவனத்தின் மென்பொருளும் பிழைக்கலாம். 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்பு ஒன்றினால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் கணினிகள் முடங்கின. எனவே முதலில் பிரதி, பிறகுதான் மென்பொருள்.

செய்ய வேண்டியவை:

1. அன்றைய கணக்கை முடித்துவிட்டு, பழைய மென்பொருளில் உள்ள ‘பேக்கப்’ வசதியால் முழுப் பிரதி எடுங்கள். அதை வெளி வன்தட்டிலோ பென் டிரைவிலோ பதிந்து, உடனே கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். செருகியபடியே விட்டால் வைரஸ் அதையும் தாக்கும். கடன் பட்டியலைக் கடதாசியிலும் அச்சிட்டு வையுங்கள்.

2. எடுத்த பிரதியை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். நாலைந்து பெயர்களின் நிலுவையைக் கொப்பியோடு ஒப்பிடுங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

3. விண்டோஸில் ‘ரீஸ்டோர் பொயின்ட்’ ஒன்றை உருவாக்குங்கள். பல கணினிகளில் இவ்வசதி அணைந்திருக்கும். முதலில் அதை இயக்க வேண்டும். கணினி குழம்பினால் முந்திய நிலைக்குத் திரும்ப இது உதவும். ஆனால் உங்கள் கணக்குக் கோப்புகளை இது காப்பாற்றாது. முதலாவது வேலைக்கு இது மாற்றல்ல.

4. மென்பொருளைத் தயாரித்தவரின் தளத்திலிருந்தே எடுங்கள். யாரோ தந்த ‘கிராக்’ பிரதிகளோடு வைரஸும் சேர்ந்து வரக்கூடும். பழைய மென்பொருளின் நிறுவும் கோப்பையும் இலக்கத்தையும் பத்திரப்படுத்துங்கள். பின்வாங்க வேண்டி வந்தால் அவை தேவைப்படும்.

5. அறுவடைக் காலத்திலோ சந்தை நாளிலோ இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். நிறுவும் நடுவில் மின்சாரம் நின்றால் கோப்புகள் சிதையலாம். யு.பி.எஸ். இல்லாவிட்டால், மின்கலம் நிறைந்த மடிக்கணினியில் செய்யுங்கள்.

6. ஒரு மாதமாவது பழையதையும் புதியதையும் பக்கத்துப் பக்கமாக ஓட்டுங்கள். இரண்டிலும் மொத்த நிலுவை ஒன்றாக வந்த பிறகே பழையதை நீக்குங்கள்.

இவ்வளவுக்கும் ஒரு மாலைப்பொழுதும் ஒரு பென் டிரைவும் போதும். கணினி பழுதானால் வேறொன்று வாங்கலாம். நூறு குடும்பங்களின் கடன் கணக்கைக் கடையில் வாங்க முடியாது.