தூக்கிவாரிப் போடுகிறதே!

கோலார் தங்கவயலில் செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவமனையில் பிரசவம். குழந்தையின் தோள் சிக்கிக்கொண்டது. சிரமப்பட்டுத்தான் பிறந்தது. மூன்றாம் நாள் தாயும் சேயும் வீட்டுக்கு வந்தார்கள்.

அடுப்படியில் ஒரு தட்டு டணார் என்று விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கிவாரிப் போட்டது. வீல் என்று அழுதது.

பாட்டி ராஜம்மாள் பதறிப்போனார்.

"புள்ள எதையோ பார்த்துப் பயந்திருக்கு. மந்திரிச்சுக் கயிறு கட்டணும்" என்றார்.

அந்த நேரம் ஆஷா பணியாளர் மேரி வந்தார். பிரசவம் ஆன வீடுகளுக்கு ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வருவார். தாயையும் குழந்தையையும் பார்ப்பார்.

"இது பேயும் இல்ல, நோயும் இல்ல பெரியம்மா. பொறந்த குழந்தைக்கு இது இருக்கணும்" என்றார் மேரி.

"அது எப்படி?"

"சூடான பாத்திரத்துல கை பட்டா என்ன செய்வீங்க?"

"வெடுக்குன்னு இழுத்துக்குவேன்."

"யோசிச்சா இழுப்பீங்க?"

"யோசிக்க ஏது நேரம்? கை தானா வந்துடும்."

"இதுவும் அப்படித்தான். உடம்பு தானா செய்யுது. இதுக்கு அனிச்சைச் செயல்னு பேர்."

பெரிய சத்தம் கேட்டால் இப்படி நடக்கும். குழந்தையின் தலை சட்டென்று பின்னால் சாய்ந்தாலும் நடக்கும். விழுவது போல் குழந்தை உணர்கிறது. இரண்டு கைகளும் விரியும். விரல்கள் திறக்கும். பிறகு கைகள் கட்டிப்பிடிப்பது போல் மார்புப் பக்கம் வரும்.

எர்ன்ஸ்ட் மோரோ என்ற குழந்தை மருத்துவர் 1918-இல் இதை விளக்கி எழுதினார். குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்வது போன்றது இது என்று அவர் கருதினார். அவர் பெயராலேயே மருத்துவர்கள் இதை மோரோ அனிச்சைச் செயல் என்கிறார்கள். குழந்தை வளர வளர இது குறையும். பெரும்பாலும் 4 முதல் 6 மாதத்துக்குள் நின்றுவிடும்.

செல்வி குழந்தையை எடுத்துப் பால் கொடுத்தாள். மீண்டும் படுக்க வைத்தாள். குழந்தை மறுபடி துள்ளியது. மேரி உற்றுப் பார்த்தார். இடது கை நன்றாக விரிந்தது. வலது கை அசையவில்லை.

"செல்வி, எப்பவும் இப்படித்தானா?"

"ஆமாக்கா. வலது கையைத் தொட்டாலே அழறா."

"இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டணும். கிளம்பு."

மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார். பிறக்கும்போது காறை எலும்பில் விரிசல் விழுந்திருந்தது. "பயம் வேண்டாம். எலும்பு தானாகக் கூடிவிடும். அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள்" என்றார்.

சில வாரங்கள் போயின. ஒரு நாள் கதவு படார் என்று சாத்தியது. குழந்தை துள்ளியது. இரண்டு கைகளும் ஒன்றாக விரிந்தன. ராஜம்மாள் சிரித்தார்.

"கயிறு கட்டிட்டுச் சும்மா இருந்திருந்தா, கை விஷயம் தெரியாமலே போயிருக்கும்" என்றார்.

நாம் செய்ய வேண்டியது

குழந்தையைத் தூக்கும்போதும் படுக்க வைக்கும்போதும் தலையையும் கழுத்தையும் தாங்குங்கள். மெதுவாக இறக்குங்கள். துள்ளினால் கைகளை மார்போடு சேர்த்து மெல்லப் பிடியுங்கள். சோதித்துப் பார்க்கக் குழந்தையின் தலையைத் தொங்க விடாதீர்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

1. துள்ளும்போது ஒரு கை மட்டும் விரிந்தால்.
2. பெரிய சத்தம் கேட்டும் குழந்தை அசையாவிட்டால். காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும்.
3. 6 மாதத்துக்குப் பிறகும் இப்படித் துள்ளினால்.
4. சத்தம் எதுவும் இல்லாமல், உடம்பு விட்டுவிட்டுப் பல முறை வெட்டி இழுத்தால். தூங்கி எழும்போது இப்படி வரலாம். இது வலிப்பாக இருக்கலாம். உடனே போக வேண்டும்.

பேசுவோம்

குழந்தை துள்ளினால் உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள்? மேரி எதைக் கவனித்தார்?