ஒலியின் வேகமும் ஆய்கூட உண்மையும்

தமிழாசிரியர் பௌதிக ஆய்கூடத்தைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பைத் தரலாம். ஆயினும் ஒலி தமிழிலக்கணத்துக்குப் புறம்பான பொருளன்று. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்திற் பிறப்பியல் என ஓரியலையே வகுத்து, உள்ளிருந்து எழும் வளி எவ்வுறுப்புக்களிற் பொருந்தி எவ்வெழுத்தாகின்றது என ஆராய்ந்துள்ளார். அவ்வளியில் ஒலி எத்துணை விரைவாகச் செல்கின்றது என்பதை நம் கல்லூரி மாணவர் ஒரு கண்ணாடிக் குழாயும் ஓர் இசைக்கவையும் கொண்டு அளந்தறிகின்றனர். அச்சோதனையையும், அதனாற் பெறப்படும் ஒரு படிப்பினையையும் ஈண்டு நோக்குவாம்.

உயர்ந்த சாடியொன்றில் நீரை நிரப்பி, இருமுனையுந் திறந்த குழாயொன்றை அதனுள் நிறுத்துவர். குழாயை உயர்த்த, நீர்மட்டத்துக்கு மேலுள்ள வளி நிரல் நீளும்; தாழ்த்தக் குறுகும். செக்கனுக்கு 512 முறை அதிரும் இசைக்கவையை இறப்பர்த் துண்டில் தட்டிக் குழாயின் வாய்க்கு மேலே பிடித்து, குழாயை மெல்ல உயர்த்தினால், ஒரு நிலையில் மெல்லொலி திடீரெனப் பெருகி முழங்கக் கேட்கலாம். இதனைப் பரிவு என்பர். பிறர் துயர் கண்டு நம்முள்ளம் இரங்குதலும் பரிவே. கவையின் அதிர்வுக்கு இயைய வளி நிரல் தானும் அதிர்தலின், அறிவியலார் இச்சொல்லை ஆண்டமை மிகப் பொருத்தமுடைத்து.

முதற் பரிவு நிகழும்போது வளி நிரலின் நீளம் ஒலியின் அலைநீளத்தில் ஏறக்குறைய காற்பங்காகும். குழாயை மேலும் உயர்த்த, முக்காற்பங்கு நீளத்தில் இரண்டாம் பரிவு கேட்கும். இவ்விரு நீளங்களின் வித்தியாசம் அலைநீளத்திற் சரிபாதியாம். அலைநீளத்தை மீடிறனாற் பெருக்க, வேகம் கிடைக்கும்.

ஓர் உதாரணம் கொள்வாம். குழாயின் உள்விட்டம் 3.5 சதமமீற்றர், ஆய்கூட வெப்பநிலை 30 பாகை செல்சியசு, முதற் பரிவு 16.1 சதமமீற்றரிலும் இரண்டாவது 50.4 சதமமீற்றரிலும் கேட்கின்றன. வித்தியாசம் 34.3, அதன் இருமடங்காகிய 68.6 சதமமீற்றர் அலைநீளம். 512ஆற் பெருக்கின், வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 351 மீற்றர்.

இங்கேதான் மாணவன் திகைக்கின்றான். அவன் மனத்தில் முன்னரே பதிந்துள்ள எண் 331. தன் விடை 20 மீற்றர் கூடியிருத்தலைக் கண்டு, எங்கோ தவறினோம் என அஞ்சுகின்றான். பக்கத்து மேசையில் இருப்பவனோ இரண்டாம் பரிவைத் தேடாது, முதல் நீளத்தை மாத்திரம் நான்காற் பெருக்கி, 330 மீற்றர் என விடை கண்டு மகிழ்கின்றான். நூலோடு ஒத்துவந்தது அவன் விடையே. எனினும் பிழையும் அவன் விடையே.

காரணங் கூறுவாம். குழாயினுள் எழும் அதிர்வு வாயோடு நின்றுவிடாது சிறிது வெளியேயும் பரவுகின்றது. குழாய் விட்டத்தின் 0.3 பங்களவான இம்மிகையை முனைத் திருத்தம் என்பர். நம் குழாய்க்கு இது 1.05 சதமமீற்றர். முதற் பரிவை மாத்திரம் கொண்டவன் இதனைச் சேர்க்காது விட்டான். அதனால் அவன் விடை குறைந்தது. இரண்டு பரிவுகளின் வித்தியாசத்தை எடுக்கும்போது இம்மிகை தானே நீங்கிவிடும். இனி, 331 என்னும் எண் 0 பாகையிலுள்ள உலர்ந்த வளிக்கே உரியது. வெப்பநிலை பாகைக்குப் பாகை உயர, வேகமும் ஏறக்குறைய 0.6 மீற்றர் வீதம் உயரும். எனவே 30 பாகையில் உலர்ந்த வளியில் வேகம் 349 மீற்றர். நீரின்மேல் நிற்கும் வளி ஈரமுடையது. நீராவி வளியிலும் இலேசானதாகலின் வேகம் இன்னுஞ் சிறிது கூடும். ஆகவே 351 என்பது நம் நாட்டு வெப்பத்துக்கு உரிய விடையேயாம். பனி உறையும் நாட்டு எண்ணை நம் ஆய்கூடத்திற் பெற்றவன் மகிழ்தற்கு இடமில்லை.

எதிர்பார்த்த எண்ணை நோக்கிக் கணக்கை இழுக்கும் ஆசை மாணவர்க்கு மாத்திரம் உரியதன்று. பேரறிஞர் நியூற்றன் 1687இல் வெளியிட்ட தம் பெருநூலில் ஒலியின் வேகத்தைக் கணித்தறியும் முறையை முதன்முதல் வகுத்தார். பின்னர் இங்கிலாந்தின் அப்மின்சுற்றர் என்னும் ஊர்க் குருவாகிய வில்லியம் தேரம், தொலைவிற் சுடப்பட்ட துப்பாக்கிகளின் ஒளியைத் தேவாலயக் கோபுரத்திலிருந்து தொலைநோக்கியாற் கண்டு, ஓசை வந்தடையும் நேரத்தை அளந்து, வேகம் செக்கனுக்கு 1142 அடி என 1709இல் அறிவித்தார். நியூற்றனின் கணிப்போ 979 அடியே. 1713இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவர், வளித் துணிக்கைகளின் பருமனுக்கென ஒரு பகுதியும் நீராவிக்கென ஒரு பகுதியும் கூட்டி, கணக்கைச் சரியாக 1142இற் கொண்டு நிறுத்தினார். எண் ஒத்தது, காரணம் ஒக்கவில்லை.

உண்மைக் காரணத்தை 1816இற் கூறியவர் பிரான்சு நாட்டு இலாப்பிலாசு. ஒலி செல்லும்போது வளி நெருங்குதலும் விரிதலும் மிக விரைந்து நிகழ்வதால், அப்போது எழும் வெப்பம் வெளியேற நேரமில்லை. அதனால் வளியின் மீள்தன்மை மிகுகின்றது. இதன்படி நியூற்றனின் எண்ணை ஏறக்குறைய 1.18ஆற் பெருக்கல் வேண்டும். நியூற்றன் அந்த இடைவெளியை மூடாது அவ்வாறே விட்டிருப்பின், அது பின்வந்தோரைக் காரணந் தேடத் தூண்டும் வினாவாக வெளிப்பட நின்றிருக்கும்.

ஆதலின், ஆய்கூடத்துட் புகும் இளைஞர்க்கு நாம் கூறுவது இதுவே. கண்ட அளவைக் கண்டவாறே ஏட்டில் எழுதுக. வெப்பநிலையையும் குழாயின் விட்டத்தையும் உடன் குறித்து வைக்க. விடை நூலோடு மாறுபடின், அளவை அழியாது காரணத்தைத் தேடுக. ஆசிரியர்களும் விடையின் நெருக்கத்துக்கு மாத்திரம் புள்ளி வழங்காது, அளவைகளின் நேர்மைக்கும் வழங்குதல் வேண்டும். அன்றேல் புனைந்தெழுதுதலை நாமே பயிற்றுவோராவோம். பழைய மாணவருள் மருத்துவராயும் பொறியியலாளராயும் கணக்காளராயும் விளங்குவோர், தாம் நாடோறும் எழுதும் எண்களை நம்பிப் பிறர் உயிரும் பொருளும் இருத்தலை அறிவர். அவ்வெண்களை நேர்மையாக எழுதும் பழக்கம் வேரூன்றும் இடங்களுள் நம் ஆய்கூடத்தின் நீர்ச்சாடி மேசையும் ஒன்றாகும்.