சைக்கிள் பயணிகளும் வட்டார வருவாயும்: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் உழவர்களுக்கு ஒரு கணக்கு



இராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவில் அருவிக்குப் போகும் சாலையிலும், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகும் சாலையிலும் ஞாயிற்றுக்கிழமை காலை வேளைகளில் தலைக்கவசம் அணிந்து சைக்கிளில் வருவோரைப் பார்த்திருப்பீர்கள். பிழைப்புக்காக மிதிப்பவர்கள் அல்லர் இவர்கள். ஊர் பார்ப்பதற்காக மிதிப்பவர்கள். இவர்களை நம்பிச் சாலையோரத் தோப்பில் ஒரு கொட்டகை போடலாமா, அதற்கு நகைக்கடன் வாங்கலாமா என்று உழவர்கள் கேட்கின்றனர். பயிருக்குக் கணக்குப் பார்ப்பதுபோலவே இதற்கும் கணக்குப் பார்த்துத்தான் விடை சொல்ல வேண்டும். அந்தக் கணக்கைப் போடும் முறையே இந்தப் பாடம்.

காரில் வருபவரும் சைக்கிளில் வருபவரும்

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஏறத்தாழ 75 கிலோமீட்டர். காரில் வருபவர் காலையில் புறப்பட்டு ஆண்டாள் கோவிலில் தரிசனம் முடித்து, பால்கோவா வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். சைக்கிளில் வருபவருக்கு அந்த 75 கிலோமீட்டரே ஒரு நாள் உழைப்பு. பெரும்பாலோர் அன்றே திரும்ப மாட்டார்கள். ஓர் இரவு தங்கியாக வேண்டும். வழியில் நான்கைந்து இடங்களில் நிற்பார். தண்ணீர் கேட்பார், பசியோடு இருப்பார். மணிக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் கண்ணில் உங்கள் தோப்பு, களம், மாட்டுத் தொழுவம் எல்லாம் படும்.

ஆனால் அவரால் சுமை தூக்க முடியாது. காரில் வருபவர் ஒரு பெட்டி மாம்பழம் வாங்கிப் போவார். சைக்கிளில் வருபவர் இரண்டு பழத்தை அங்கேயே நறுக்கிக் கொடுக்கச் சொல்லித் தின்றுவிட்டுப் போவார். எனவே எடைக்கு விற்கும் பழக்கம் இவரிடம் செல்லாது.

தங்கும் இரவின் மதிப்பை ஐரோப்பாவின் கணக்கு நன்றாகக் காட்டுகிறது. ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்காக 2012-இல் தயாரிக்கப்பட்ட ஓர் ஆய்வின்படி, அக்கண்டத்தில் ஆண்டுக்கு 220 கோடிக்கு மேற்பட்ட சைக்கிள் உல்லாசப் பயணங்கள் நடைபெறுகின்றன. அவற்றின் பொருளாதார மதிப்பு ஏறத்தாழ 4,400 கோடி யூரோ. இவற்றில் இரவு தங்கும் பயணங்கள் சுமார் 2 கோடியே. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லாத அந்தப் பயணங்கள் மொத்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கொண்டுவருகின்றன. நம் ஊர் ஐரோப்பா அன்று. தொகைகளை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம். விகிதத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்க்கால் கசிவு

ஒரு பயணி நம் ஊரில் 100 ரூபாய் செலவழித்தால் ஊருக்கு 100 ரூபாய் வருமானம் என்று எண்ணுவது தவறு. மண் வாய்க்காலில் மடையிலிருந்து விடும் தண்ணீர் முழுவதும் வயலுக்குப் போய்ச் சேர்வதில்லை அல்லவா? பணத்திலும் அத்தகைய கசிவு உண்டு.

பயணி ஒரு பாட்டில் குளிர்பானம் வாங்குகிறார். அந்த விலையில் கடைக்காரருக்கு நிற்பது சிறு தரகு மட்டுமே. மீதி வெளியூர் ஆலைக்குப் போய்விடுகிறது. அவரே ஓர் இளநீர் குடித்தால் தோப்புக்காரர், மரம் ஏறியவர், வெட்டிக் கொடுத்தவர் என எல்லோரும் உள்ளூர்க்காரர். உரத்துக்குப் போகும் பங்கு மட்டுமே வெளியே கசிகிறது.

இதைக் கணக்காகப் பார்ப்போம். ஊருக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 40 காசு மட்டும் உள்ளூரில் நிற்கிறது என்று கொள்வோம். 100 ரூபாயில் முதற்சுற்றில் 40 ரூபாய் நிற்கும். அதைப் பெற்றவர் செலவழிக்கும்போது 16 ரூபாய் நிற்கும். அடுத்த சுற்றில் 6 ரூபாய் 40 காசு. இப்படியே தேய்ந்துகொண்டு போகும். எல்லாவற்றையும் கூட்டினால் ஊர்க்காரர் கைகளுக்கு வந்தது சுமார் 67 ரூபாய். ரூபாய்க்கு 70 காசு நின்றால் 70, 49, 34 என்று போய், கூட்டுத்தொகை சுமார் 233 ரூபாய் ஆகிறது. வந்த பயணியும் அவரே, கொடுத்த பணமும் அதே 100 ரூபாய். உள்ளூரில் நிற்கும் பங்கு இரு மடங்குகூட ஆகவில்லை. ஆனால் வருவாயோ மூன்றரை மடங்கு. பயணிகளின் எண்ணிக்கையைக் கூட்டப் படாதபாடு படுவதைக் காட்டிலும் கசிவை அடைப்பது எளிது என்பதே என் கருத்து.

கசிவு குறைந்த தொழிலுக்கு எடுத்துக்காட்டு நம்மிடமே இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஏறத்தாழ 10 லிட்டர் பாலைச் சர்க்கரை சேர்த்து விறகடுப்பில் சுண்டக் காய்ச்சினால் மூன்று கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகப் பால்கோவா கிடைக்கும். சர்க்கரை வெளியிலிருந்து வரலாம். ஆனால் பால் சுற்றுக் கிராமங்களின் பால், கிண்டுபவர் கூலி உள்ளூர்க் கூலி. கோவிலுக்கு வருகிறவர் வாங்கும் ஒரு கிலோ பால்கோவா, மாடு வைத்திருப்பவரிடம் மூன்று லிட்டர் பால் வாங்கியதற்குச் சமம். ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கும் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் கோவிலுக்கும் கூட்டம் வரும்போது பால் விற்பவரும் பயன் அடைவது இதனால்தான்.

கேரளத்தில் குமரகத்தில் 2007-இல் தொடங்கிய பொறுப்புச் சுற்றுலாத் திட்டமும் கசிவை அடைக்கும் வேலையே. விடுதிகளுக்கு வேண்டிய காய்கறிகள் வெளியூரிலிருந்து வந்துகொண்டிருந்தன. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் தரிசு நிலங்களில் காய்கறி பயிரிட்டு, 2008 முதல் விடுதிகளுக்குக் கொடுக்கத் தொடங்கின. சுற்றுலாப் பயணியை ஒருமுறைகூட நேரில் பார்க்காத உழவரும் அவரால் பயன் பெறலாம் என்பதற்கு இது சான்று.

புதுப் பணமா, இடம் மாறிய பணமா?

இன்னொரு தவறும் இத்தகைய கணக்குகளில் நேர்வதுண்டு. இராஜபாளையத்துக்காரர் ஒருவர் வழக்கமாகக் கடைத்தெருவில் தேநீர் குடிப்பவர். ஞாயிறன்று சைக்கிளில் உங்கள் கொட்டகைக்கு வந்து மோர் குடிக்கிறார். உங்களுக்கு வரவுதான், வட்டாரத்துக்கு ஒன்றும் கூடவில்லை. பணம் ஒரு தெருவிலிருந்து மற்றொரு தெருவுக்கு இடம் மாறியிருக்கிறது. வெளியூர்க்காரர் கொண்டுவருவது மட்டுமே வட்டாரத்துக்குப் புதுப் பணம். ஊராட்சியோ கூட்டுறவுச் சங்கமோ பொதுப் பணத்தை இதில் போட நினைக்கும்போது இந்த வேறுபாட்டைப் பார்த்தாக வேண்டும்.

வெளிநாட்டு உழவர்கள் செய்தது

நியூசிலாந்தின் தென் தீவில் மத்திய ஒட்டாகோ என்னும் பகுதி உள்ளது. செம்மறி ஆடும் பழத்தோட்டமும் அங்கே பிழைப்பு. 1990-இல் கிளைட், மிடில்மார்ச் என்னும் ஊர்களுக்கு இடையிலான இரயில் பாதை மூடப்பட்டது. தண்டவாளங்களை அகற்றி, 2000-இல் 152 கிலோமீட்டர் நீளமுள்ள சைக்கிள் பாதையாக அதைத் திறந்தனர். முழுவதையும் கடக்கச் சில நாட்கள் ஆவதால் வழி நெடுக இரவுத் தங்கல் தேவைப்பட்டது. உழவர்கள் தம் பழைய வீடுகளையும் பண்ணைக் கட்டிடங்களையும் செப்பனிட்டு வாடகைக்கு விட்டனர். இருந்த கட்டிடத்தைப் பயன்படுத்தியதைக் கவனியுங்கள்.

ஜப்பானில் ஒனோமிச்சி, இமாபாரி நகரங்களுக்கு இடையே தீவுகளைப் பாலங்களால் இணைத்துச் செல்லும் ஷிமானமி கைடோ பாதை 1999-இல் முழுமை பெற்றது. நீளம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அத்தீவுகளில் ஆரஞ்சும் எலுமிச்சையும் விளைகின்றன. வாடகை சைக்கிளை ஓரிடத்தில் எடுத்து மற்றோர் இடத்தில் விட்டுவிடலாம். வழியிலுள்ள கடைகளும் வீடுகளும் காற்றடிக்கும் பம்பு, குடிநீர், கழிப்பறை, உட்கார நிழல் இவற்றைத் தந்து பயணிகளை நிறுத்துகின்றன. நின்றவர் பழம் வாங்குவார். நம் உழவர்கள் பின்பற்றுவதற்கு இதைவிட மலிவான முறை இல்லை.

நம் தமிழகத்திலும் 2008 முதல் நீலகிரிச் சைக்கிள் பயணம் என்னும் கூட்டுப் பயணம் நடந்து வந்திருக்கிறது. பெருங்கூட்டமாகச் செல்லும் இத்தகைய பயணங்களுக்கு ஒரே இரவில் ஒரே ஊரில் ஏராளமான படுக்கைகள் வேண்டும். அதைச் சிற்றூர் தர முடியாது. நாம் குறிவைக்க வேண்டியது இருவர், நால்வராக வருவோரை.

கொட்டகைக் கணக்கு

இனி நகைக்கடன் கேள்விக்கு வருவோம். கீழே தரும் தொகைகள் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே. உங்கள் ஊர் விலையை இட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஆண்டில் 30 ஞாயிறுகள் கடை நடக்கிறது. கோடையின் கடும் வெயிலிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் சைக்கிள்காரர் வருகை குறையும் என்பதால் 52 என்று கணக்கிடக் கூடாது. ஞாயிறுக்கு 20 பேர் வீதம் 600 பேர். ஒருவர் 80 ரூபாய்க்கு இளநீரும் நறுக்கிய பழமும் வாங்குகிறார். மொத்த வரவு ரூ.48,000. இளநீரையும் பழத்தையும் தோப்பு விலைக்கு வியாபாரிக்கு விற்றிருந்தாலும் பணம் வந்திருக்கும். அந்தத் தொகையையும் சில்லறைச் செலவையும் சேர்த்து ஆளுக்கு 30 ரூபாய், அதாவது ரூ.18,000 கழிக்க வேண்டும். கொட்டகைக்கு ரூ.30,000 செலவிட்டு ஐந்தாண்டு உழைக்கும் என்றால் ஆண்டுத் தேய்மானம் ரூ.6,000. ஒரு நாளைக்கு ரூ.500 வீதம் ஆள் கூலி ரூ.15,000. நிகர வருவாய் ரூ.9,000.

ஞாயிறுக்கு 10 பேர்தான் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வரவு ரூ.24,000. பொருள் செலவு 9,000, தேய்மானம் 6,000, கூலி 15,000. நட்டம் ரூ.6,000. ஆளுக்கு 50 ரூபாய் மிஞ்சுவதாலும், யார் வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் செலவு ரூ.21,000 என்பதாலும், 420 பேர், அதாவது ஞாயிறுக்கு 14 பேர் வந்தால்தான் கை கடிக்காது. இதில் வட்டியை இன்னும் சேர்க்கவில்லை. எனவே இந்தக் கொட்டகைக்காக நகையை அடகு வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். தென்னை மர நிழலில் ஒரு பெஞ்சு, ஒரு பானை தண்ணீர், ஒரு பம்பு, சனிக்கிழமை மாலை பறித்து வைத்த இளநீர்க் குலை; கடையில் வீட்டார் ஒருவர். இவ்வளவில் தொடங்கினால் தேய்மானமும் இல்லை, கூலியும் வீட்டிலேயே நிற்கும்.

ஓர் அறையை இரவுத் தங்கலுக்கு விடுவது வேறு கணக்கு. அதில் வருவாய் கூடுதல், ஆனால் கழிப்பறை சுத்தமாக இருந்தாக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. சைக்கிளை உள்ளே பூட்டி வைக்க இடம் தேவை. சுற்றுலாத் துறையிலும், உணவு விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையிலும் பதிவு விதிகளைக் கேட்டறிந்து செய்யுங்கள்.

எதை விற்கலாம்? மாம்பருவத்தில் இராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழத்துக்கு நிகர் வேறில்லை. ஆனால் அது சித்திரை, வைகாசிச் சரக்கு. வெயிலுக்கு அஞ்சாமல் விடியற்காலையில் வருவோருக்கு மட்டும் உதவும். பனிக்காலத்துக்குப் பனங்கிழங்கு, வாழைப்பழம், அவித்த நிலக்கடலை. இளநீர் ஆண்டு முழுவதும். பெட்டி மாம்பழம் வேண்டுவோரிடம் முகவரி வாங்கிப் பார்சலில் அனுப்பலாம்.

எச்சரிக்கை

நம் மேற்குப் பக்கம் காடு. 1988-இல் சாம்பல் நிற மலை அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதி, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. வனத்துறை அனுமதியின்றிப் பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துச் செல்வது குற்றமாகும். மலையடிவாரத் தோப்புகளில் யானை இறங்குவதை நீங்கள் அறிவீர்கள். இருட்டிய பின்னும் விடியுமுன்னும் அச்சாலைகளில் பயணிகளைப் போக விடாதீர்கள்.

மற்றோர் அபாயம் சத்தமில்லாமல் வரும். பயணிகள் வரத்து கூடினால் சாலையோர நிலத்தின் விலை ஏறும். விடுதி கட்டுவோர் நல்ல விலை பேசுவார்கள். தோப்பை விற்றவர் பிறகு அதே இடத்தில் காவலாளி வேலைக்கு நின்றால், பயணி தரும் 100 ரூபாயில் அவருக்கு வருவது கூலி மட்டுமே. கசிவுக் கணக்கை அப்போது மீண்டும் போட்டுப் பாருங்கள்.

முதலில் செய்ய வேண்டியது

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தொடர்ந்து எட்டு ஞாயிறுகள் காலை 6 மணி முதல் 10 மணி வரை உங்கள் சாலையோரம் அமர்ந்து, கடந்து சென்ற சைக்கிள் பயணிகள் எத்தனை, நின்றவர் எத்தனை, எந்த ஊர், இரவு தங்கினாரா, எதைக் கேட்டு இல்லை என்று போனார் என்று ஐந்து கட்டங்களில் குறியுங்கள். கடைசிக் கட்டத்தை அலட்சியம் செய்யாதீர்கள். எதை விற்கலாம் என்பதை அதுவே சொல்லும். தை மாத முதல் ஞாயிறன்று தொடங்கினால் மாசி முடிவதற்குள் எட்டு ஞாயிறுகளின் கணக்கும் கையில் இருக்கும். சித்திரையில் முதல் மாங்காய் பழுக்குமுன் பெஞ்சு போதுமா, கொட்டகை வேண்டுமா என்று முடிவு செய்துவிடலாம்.