விடுபட்ட ஒரு வரி: ஒரு பேய்ப்படம் வீட்டுத் திரைக்கு வந்த கதை



ஆண்டு மலரில் சினிமாக் கட்டுரையா என்று நம் ஆசிரியர்கள் முகம் சுளிக்கக் கூடும். கவலை வேண்டாம். நான் எழுத வந்தது நட்சத்திரங்களைப் பற்றி அல்ல. ஃபிலிம், டேப், லேசர், சட்டம் ஆகிய நான்கைப் பற்றித்தான். முதல் மூன்றும் நம் பாடத்தோடு எப்படியாவது ஒட்டிக்கொள்ளும். நான்காவதை நமக்கு எந்த செமஸ்டரிலும் யாரும் நடத்துவதில்லை. ஆனால் அதுதான் நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு ரொம்பத் தேவை என்பது என் எண்ணம்.

எடுத்துக்கொண்ட படம் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’. செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள், உயிரோடு இருப்பவர்களைத் தின்கிறார்கள், ஒரு பண்ணை வீட்டில் ஏழு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். இவ்வளவுதான் கதை. கறுப்பு வெள்ளை, 96 நிமிடம். 1968 அக்டோபர் 1ஆம் தேதி அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் முதலில் திரையிடப்பட்டது. இன்று ‘ஜோம்பி’ என்று எந்த ஊரில் எந்த மொழியில் படம் எடுத்தாலும் இதற்குப் பேரப்பிள்ளைதான். வேடிக்கை என்னவென்றால், இந்தப் படத்தில் அந்த வார்த்தையை யாரும் ஒரு தடவைகூடச் சொல்வதில்லை!

எடுத்தவர்கள் ஹாலிவுட்காரர்கள் அல்ல. பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படம், தொழிற்சாலைப் படம் எடுத்துக் கொடுத்து வயிறு கழுவிய இளைஞர்கள். இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவுக்குப் படம் வெளிவந்தபோது வயது 28. பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு 600 டாலர் போட்டு வேலையை ஆரம்பித்தார்கள். கடைசியில் செலவு ஏறத்தாழ 1,14,000 டாலர் ஆயிற்று. அமெரிக்க சினிமாவில் அது கொசுறுக் காசு. எவன்ஸ் சிட்டி என்ற சிற்றூர்ப் பக்கம் ஒரு பழைய வீடு. ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். பணம் போட்டவர்களே நடித்தார்கள், மேக்கப் போட்டார்கள், ஒலியும் பதிந்தார்கள். கதாநாயகனாக டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர். அந்தக் காலத்து அமெரிக்காவில், நிறத்தைப் பற்றி ஒரு வசனமும் இல்லாமல் ஒரு கறுப்பரை நாயகனாக நிறுத்தியது பெரிய விஷயம். முடிவை நான் சொல்ல மாட்டேன். பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பேயை விடப் பயங்கரம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். படத்துக்கு முதலில் வைத்த பெயர் வேறு: ‘நைட் ஆஃப் தி ஃபிளெஷ் ஈட்டர்ஸ்’. ஏறக்குறைய அதே பெயரில் ஏற்கெனவே ஒரு படம் இருந்ததால் பெயரை மாற்ற வேண்டி வந்தது. விநியோகம் எடுத்த வால்டர் ரீட் நிறுவனம் புதுப் பெயரில் டைட்டில் எழுதி, பழைய டைட்டில் துண்டை வெட்டி எடுத்துவிட்டு இதை ஒட்டியது. ‘காப்பிரைட்’ என்று ஆண்டோடும் உரிமையாளர் பெயரோடும் போட வேண்டிய அந்த ஒரு வரி, பழைய டைட்டிலோடு சேர்ந்து போய்விட்டது. புது டைட்டிலில் அதை யாரும் எழுதவில்லை.

ஒரு வரிதானே என்று கேட்கலாம். அமெரிக்காவில் அப்போது நடைமுறையில் இருந்தது 1909ஆம் ஆண்டுச் சட்டம். அந்த அறிவிப்பு இல்லாமல் ஒரு படைப்பை வெளியிட்டால் அதன் உரிமை போச்சு. யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், விற்கலாம், டி.வி.யில் போடலாம். எடுத்தவனுக்கு ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. 1978இல் புதுச் சட்டம் வந்து கொஞ்சம் தளர்ந்தது. 1989 மார்ச் முதல் தேதியிலிருந்து அந்த வரி கட்டாயமே இல்லை என்றாகிவிட்டது. ஆனால் 1968இல் விழுந்த ஓட்டையை அதெல்லாம் அடைக்கவில்லை.

நம் டிராயிங் ஹாலை நினைத்துப் பாருங்கள். ஷீட்டின் வலது கீழ் மூலையில் டைட்டில் பிளாக். ‘அதைக் கடைசியில் போட்டுக்கலாம்டா’ என்று விட்டுவிடுகிறோம். ஃபர்ஸ்ட் ஆங்கிளா தேர்டு ஆங்கிளா என்று காட்டும் அந்தச் சின்னக் குறி இல்லாமல் ஒரு டிராயிங் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் என்ன ஆகும்? கோடு ஒவ்வொன்றும் சரியாக இருக்கும், அளவு சரியாக இருக்கும், ஆனால் பாகம் இடவலம் மாறி வந்து நிற்கும்.

எங்கள் வீட்டில் இது நடந்தே இருக்கிறது. டிராயிங்கில் அல்ல, பத்திரத்தில். எங்க தாத்தாவும் அவர் பங்காளிகளும் பாகம் பிரித்தபோது எழுதிய பத்திரத்தில் நாலு எல்லையும் சரியாக இருக்கிறது. ‘கிணற்றில் பாதிப் பாத்தியம்’ என்ற ஒரு வரி மட்டும் இல்லை. அந்தக் கிணறு வெட்டினபோது மண் சுமந்தவர் எங்க தாத்தா. பத்திரத்தைப் படித்துப் பார்க்க அவருக்கு எழுத்து தெரியாது. எழுதியவர் படித்துக் காட்டினாராம், இவர் ரேகை வைத்தாராம். அதற்கப்புறம் எங்க அப்பா தண்ணிக்கு ஊரான் மோட்டாரைக் கெஞ்ச வேண்டியதாப் போச்சு. வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். இப்போது கேஸ் ரசீது வந்தாலும் கடைசி வரி வரைக்கும் என்னைத்தான் படிக்கச் சொல்கிறார்கள். ஆகவே இந்த அமெரிக்கப் படத்தின் கதையைத் தெரிந்துகொண்டபோது எனக்கு அது ரொம்ப தூரத்துக் கதையாகத் தோன்றவில்லை.

சரி, வீடியோவுக்கு வருவோம். 1976இல் ஜப்பானிலும் 1977இல் அமெரிக்காவிலும் வி.எச்.எஸ். கேசட் வந்தது. வீட்டில் படம் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வந்துவிட்டது. உரிமை உள்ள படம் என்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும். இந்தப் படத்துக்கு ஒரு பிரதி கையில் கிடைத்தால் போதும். பெயர் தெரியாத கம்பெனிகள் எல்லாம் இதைக் கேசட்டாகப் போட்டுத் தள்ளின.

அந்தக் கேசட்டின் லட்சணத்தை நாம் கணக்குப் போட்டே பார்க்கலாம். கேமராவில் ஓடியது அசல் நெகட்டிவ். அதிலிருந்து மாஸ்டர் பாசிட்டிவ், அதிலிருந்து டூப் நெகட்டிவ், அதிலிருந்து தியேட்டர் பிரிண்ட். சின்ன டி.வி. நிலையங்களுக்காக 16 எம்.எம். பிரிண்ட் தனி. மலிவுக் கம்பெனிக்காரன் கையில் கிடைப்பது பெரும்பாலும் இப்படி ஓடித் தேய்ந்த பிரிண்ட்தான். அதை வீடியோ டேப்புக்கு மாற்றி, அதிலிருந்து கேசட் கேசட்டாக இழுக்கிறான். ஒவ்வொரு படியிலும் வெளிச்சமான இடம் இன்னும் வெளுக்கும், இருட்டான இடம் இன்னும் கறுக்கும், இரைச்சல் கூடும். அனலாக் சிக்னலில் இரைச்சல் ஒருமுறை ஏறினால் இறங்காது என்று நாம் படித்ததுதான்.

இதற்கு மேல் ஒரு சிக்கனம். அமெரிக்க முறையில் வி.எச்.எஸ். டேப் சாதாரண வேகத்தில் நொடிக்கு 33.35 மில்லிமீட்டர் ஓடும். 96 நிமிடத்துக்கு 5760 நொடி. பெருக்கினால் ஏறத்தாழ 192 மீட்டர் டேப் வேண்டும். அதையே மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் பதிந்தால் 64 மீட்டர் போதும்! மலிவுக் கேசட்டுகள் பல இப்படித்தான் பதியப்பட்டன. வேகம் குறைந்தால் டிராக் அகலம் குறையும், சிக்னல் பலம் குறையும், ஒலி மந்தமாகும். நல்ல வேகத்திலேயே வி.எச்.எஸ். காட்டுவது கிடைமட்டத்தில் ஏறத்தாழ 240 கோடு நுணுக்கம்தான். அதிலும் மிச்சம் பிடித்தால் மிஞ்சுவது என்ன?

ஒரு விதத்தில் இந்தப் படத்துக்கு அதிர்ஷ்டமும் உண்டு. இதன் சட்டகம் 1.37க்கு 1 என்ற பழைய விகிதம். பழைய டி.வி.யின் 1.33க்கு ஏறத்தாழ சமம். ஆகவே பெரிதாக ஒன்றும் வெட்டுப்படவில்லை. 2.35 விகித அகலத்திரைப் படங்களை டி.வி. உயரத்துக்கு நிரப்பியபோது படத்தில் 43 சதவீதம் வெளியே போனது. கணக்குச் சரிதானா என்று நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர்மையாகச் சொன்னால், உரிமை இல்லாமல் போனதால்தான் இந்தப் படம் இவ்வளவு பேரிடம் போய்ச் சேர்ந்தது என்று வாதிடுபவர்கள் உண்டு. நடுராத்திரி டி.வி.யில் போட்டார்கள், கடை வாசல் கூடையில் கொட்டி விற்றார்கள், கல்லூரிகளில் ஓட்டினார்கள். மறக்கப்பட வேண்டிய ஒரு சின்னப் படம் மறக்க முடியாத படமாயிற்று. உண்மைதான். ஆனால் புகழ் வயிற்றுக்கு ஆகாதே! எத்தனையோ கம்பெனிகள் பிழைத்தன, பத்துப் பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதோடு, பார்த்தவர்களும் அந்தக் கரகரப்பையும் கறுப்பையும் படத்தின் இயல்பு என்றே நினைத்துக்கொண்டார்கள். ‘ஏழைப் படம், அப்படித்தான் இருக்கும்’ என்று. எனக்கு இதுதான் பணம் போனதை விடப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

இழந்த உரிமையைப் பிடிக்க என்னென்னவோ முயற்சிகள் நடந்தன. 1990இல் ரொமேரோவே திரைக்கதை எழுத, டாம் சாவினி இயக்கி, வண்ணத்தில் மறுபடி எடுத்தார்கள். உரிமை உள்ள ஒரு பதிப்பு கையில் இருக்க வேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம். அதற்கு முன்பே 1986இல் வேறு ஒரு நிறுவனம் பழைய படத்துக்குக் கம்ப்யூட்டரில் வண்ணம் அடித்து வெளியிட்டது. 1998இல் ருஸ்ஸோ முப்பதாம் ஆண்டுப் பதிப்பு என்று புதிதாகக் காட்சிகள் எடுத்துச் சேர்த்தார். இவர் படத்தின் கதையை ரொமேரோவோடு சேர்ந்து எழுதியவர். ரசிகர்கள் அதை மன்னிக்கவே இல்லை.

நல்ல பிரதி என்று சொல்லக்கூடியது 1994இல்தான் வந்தது. எலைட் என்ற நிறுவனம் அசல் நெகட்டிவிலிருந்து லேசர் டிஸ்க் போட்டது. லேசர் டிஸ்க் என்பது இசைத்தட்டு அளவில் 30 சென்டிமீட்டர் வட்டு. லேசரால் படிப்பதால் டிஜிட்டல் என்று பலர் நினைப்பார்கள். இல்லை, அதில் வீடியோ சிக்னல் அனலாக்தான். ஆனாலும் வி.எச்.எஸ்.ஸைப் போல ஒன்றே முக்கால் மடங்கு நுணுக்கம். 1999இல் இந்தப் படத்தை அமெரிக்க அரசின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

முழு மீட்பு நடந்தது 2016இல். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகமும் மார்ட்டின் ஸ்கார்செஸி நிறுவிய ஃபிலிம் ஃபவுண்டேஷனும் சேர்ந்து அசல் நெகட்டிவை 4கே அளவில் ஸ்கேன் செய்தன. நொடிக்கு 24 ஃபிரேம் வீதம் 96 நிமிடத்துக்கு 1,38,240 ஃபிரேம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4000 புள்ளி அகலத்தில். தூசி, கீறல், ஒட்டு விட்ட இடம் எல்லாவற்றையும் நீக்கி, வெளிச்சத்தைச் சமன்செய்தார்கள். படம் எடுத்தவர்களே பக்கத்தில் இருந்து மேற்பார்த்தார்கள். ஒலியை ரொமேரோவும், அன்று ஒலிப்பதிவு செய்த கேரி ஸ்ட்ரைனரும் பார்த்துக்கொண்டார்கள். (உலகின் கடைசி வி.சி.ஆர். தயாரிப்பு ஜப்பானில் நின்றதும் அதே 2016இல்தான்.) அடுத்த ஆண்டு ஜூலையில் ரொமேரோ காலமானார். தன் படத்தைச் சுத்தமாகப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

2018 பிப்ரவரியில் கிரைட்டீரியன் நிறுவனம் இதை ப்ளூ-ரே வட்டாக வெளியிட்டது, 2022இல் 4கே வட்டாகவும் வந்தது. டி.வி.டி.யைச் சிவப்பு லேசர் படிக்கிறது, அலைநீளம் 650 நானோமீட்டர். ப்ளூ-ரேவுக்கு 405. அலைநீளம் குறையக் குறைய சின்னக் குழியைப் படிக்கலாம். ஆகவே அதே 12 சென்டிமீட்டர் வட்டில் ஓர் அடுக்குக்கு 4.7 ஜி.பி. இருந்த இடத்தில் 25 ஜி.பி. இடம் கிடைக்கிறது. நொடிக்கு 24 ஃபிரேமை அப்படியே வைக்கலாம், அமெரிக்க டி.வி.க்காக ஃபிரேமைப் பிரித்துப் பிரித்து நிரப்பும் வேலை இல்லை.

எங்கள் சீனியர் ஒருவரின் அண்ணன் அமெரிக்காவிலிருந்து வட்டோடு பிளேயரையும் தூக்கி வந்திருந்தார். ஏன் பிளேயர் என்றால், ப்ளூ-ரேவில் அமெரிக்கா ஏ மண்டலம், இந்தியா சி மண்டலம். அங்கத்திய வட்டு இங்கத்திய பிளேயரில் ஓட மறுக்கலாம். ஹாஸ்டல் பொது அறையில் முதலில் பழைய இலவசப் பிரதி, அப்புறம் இந்த வட்டு, இரண்டையும் பத்துப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தோம். ஜன்னலுக்குப் பலகை அடிக்கும் காட்சி. பழையதில் ஒரு கறுப்புத் திட்டு, அதில் சுத்தியல் சத்தம். வட்டில் பலகையின் ரேகை தெரிகிறது, ஆணி தெரிகிறது, டுவேன் ஜோன்ஸ் நெற்றி வியர்வை தெரிகிறது. ‘டேய், இது வேற படம்டா’ என்றான் பக்கத்தில் இருந்தவன். ரொமேரோ நல்ல கேமராமேன் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்தப் படத்தின் ஒளிப்பதிவும் அவருடையதுதான்.

ஒரு எச்சரிக்கை. நல்ல பிரதியில் படம் முழுக்கப் பொடிப் பொடியாக அசைவது தெரியும். அழுக்கு என்று நினைத்து டி.வி.யில் ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ போட்டுவிடாதீர்கள். அது ஃபிலிமில் உள்ள வெள்ளித் துகளின் உருவம். அதைத் துடைத்தால் முகம் மெழுகு பொம்மை ஆகிவிடும்.

அமெரிக்கச் சட்டப்படி பழைய படம் இன்றும் யாருக்கும் சொந்தமில்லை. ஆகவே கெட்ட பிரதிகள் எங்கும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், யாரும் தடுக்க முடியாது. தேடிப் பார்க்க நினைப்பவர்களுக்கு அடையாளம் சொல்லிவிடுகிறேன். வண்ணத்தில் ஓடினால் பின்னால் யாரோ பெயிண்ட் அடித்தது. சம்பந்தமில்லாமல் ஒரு பாதிரியார் வந்து பிரசங்கம் செய்தால் அது 1998 பதிப்பு. நீளம் 96 நிமிடம் இருந்து, கறுப்பு வெள்ளையாகவும் இருந்து, இருட்டில் ஆணி தெரியவில்லை என்றால் 16 எம்.எம். பிரிண்டின் வாரிசு, அணைத்துவிட்டு வேறு தேடுங்கள்.

மூன்றாம் ஆண்டு, எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்