உடலின் வரவு செலவு

வரவு செலவுக் கணக்கைப் பற்றி அங்கத்தினர்களுக்கு நாம் புதிதாகக் கூற வேண்டுவதில்லை. செலவினும் வரவு மிகுந்தால் சங்கத்தின் இருப்பு வளரும். உடலிலும் இதே கணக்குத்தான் நடைபெறுகின்றது. ஆனால் அங்கு வளரும் இருப்பு கொழுப்பு; அதனைக் கடனாகக் கேட்டு எவரும் வருவதில்லை!

முன்னாளில் நெசவாளர் தெருவில் பாவு விரித்து, கஞ்சி தோய்த்து, அதன் நெடுகிலும் பன்முறை நடந்தனர். உழவரோ ஏரின் பின் நடந்தனர். சாலுக்குச் சால் 20 சென்டிமீட்டர் இடைவெளி என்று கொண்டால், ஓர் ஏக்கரை ஒருமுறை உழுவதற்கு 20 கிலோமீட்டர் நடந்தாக வேண்டும். இன்று அவ்வுழவை டிராக்டர் செய்கின்றது. கவலை இறைத்த கிணற்றில் மோட்டார் ஓடுகின்றது. இவற்றை நாம் குறை கூறவில்லை. முதுகொடிந்த உழைப்பு குறைந்தது நன்றே. எனினும் உழைப்புக் குறைந்த அளவுக்கு இலையில் சோறு குறைந்ததா என்பதே கேள்வி.

உழைப்புக் குறைந்தால் பசியும் தானே குறைந்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். ழான் மேயர் என்னும் உணவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் மேற்கு வங்காளத்துச் சணல் ஆலை ஒன்றின் பணியாளர்களை ஆராய்ந்து 1956-இல் வெளியிட்ட முடிவு இந்நம்பிக்கையை மறுக்கின்றது. உட்கார்ந்தே இருந்தவர்கள், இலேசான வேலை செய்தவர்களைவிட அதிகமாக உண்டனர். எடையும் அதிகமாக இருந்தனர். அசையாத உடலில் பசி நம்பத்தக்க அளவுகோலாக இருப்பதில்லை என்பதே இதனால் நாம் அறிவது.

யார் எடை குறைக்க வேண்டும்? மெலிந்தவர்கள் இதில் இறங்குதல் கூடாது. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தை அதனாலேயே பெருக்கி வந்த தொகையால் வகுக்க வேண்டும். நம் நாட்டவர்க்கு விடை 18.5-க்கும் 23-க்கும் இடையில் இருத்தல் நலம். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 47 முதல் 59 கிலோ வரை இருக்கலாம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால், சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் இடமுண்டு. கைகால் மெலிந்து வயிறு மட்டும் பருத்தவர்களும் இக்கணக்கில் சேர்ந்தவர்களே.

உணவில் கவனிக்க வேண்டியவை கண்ணில் படாத சில்லறைச் செலவுகள். ஒரு குவளைத் தேநீரில் இரண்டு தேக்கரண்டி, அதாவது சுமார் 10 கிராம் சர்க்கரை. நாளொன்றுக்கு ஐந்து குவளை பருகுவோர் மாதத்தில் ஒன்றரைக் கிலோ சர்க்கரையைத் தேநீரிலேயே உட்கொள்கின்றனர். எண்ணெய் ஒரு தேக்கரண்டிக்கு 45 கலோரி. (நம் சங்கக் கூட்டங்களில் தீர்மானம் நிறைவேறுகிறதோ இல்லையோ, வடை தவறாமல் வருகின்றது.) வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்டச் சுமார் இருபது நிமிடம் ஆகும் என்பர். தொலைபேசியைப் பார்த்தவாறே பத்து நிமிடத்தில் உண்டு எழுபவர், போதும் என்ற உணர்வு தோன்றுமுன் மறுசோறு வாங்கிவிடுகின்றார். மெதுவாக மென்று, இலையிலேயே கருத்தை வைத்து உண்க. முதலில் காயும் பருப்பும், பின்னர் அளவாகச் சோறு என்று மாற்றிக்கொள்வது எளிது. மீந்ததை வீணாக்கலாகாது என்று தாமே உண்டுவிடும் இல்லத்தரசிகள், அடுத்த நாள் அரிசியைக் குறைத்துப் போடுதல் தகும்.

தேகப் பயிற்சியால் மட்டும் எடை குறைந்துவிடும் என்பதும் மயக்கமே. அரை மணி நேர விரைந்த நடையில் செலவாவது ஏறத்தாழ 120 முதல் 150 கலோரி. மூன்று தேக்கரண்டி எண்ணெயில் அது மீண்டு வந்துவிடும். ஆயினும் குறைந்த எடை மீளாதிருக்கவும், சர்க்கரை கட்டுப்படவும், தசை கரையாதிருக்கவும் பயிற்சி இன்றியமையாதது. வாரத்திற்கு 150 நிமிடமேனும் விரைந்து நடக்குமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. தறிக்குழியில் அமர்வோர் மணிக்கு ஒருமுறை எழுந்து சிறிது நடத்தல் வேண்டும். மிதி மிதிக்கும் கால் உழைப்பது உண்மையே. ஆனால் அது நடைக்கு ஈடன்று.

மாதம் ஒன்றிரண்டு கிலோ குறைந்தால் போதும். 70 கிலோ உள்ளவர் நான்கு கிலோ குறைத்தாலே சர்க்கரையிலும் இரத்த அழுத்தத்திலும் பயன் தெரியும். பட்டினி வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ பெறுவோர், மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைத்தல் ஆபத்து. இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரலாம். கொள்முதல் செய்யும் சங்கங்களில் எடை மேடை இருக்கின்றது. மாதத்தின் முதல் நாள், மூட்டைகள் இறங்கியபின், அங்கத்தினர்கள் அதில் ஏறி நின்று எடையைக் குறித்துக்கொள்ளச் செயலாளர்கள் இடமளிக்கலாம்.