கறிவேப்பிலையில் ஒரு விருந்தாளி

தொட்டியில் வைத்த கறிவேப்பிலைச் செடியைப் பச்சைப் புழுக்கள் மொட்டையடிக்கின்றன. தொட்டால் சிவப்பாகக் கொம்பு நீட்டுகின்றன. கொட்டுமா? என்ன மருந்து அடிப்பது?
– வாசகி, தஞ்சாவூர்

கொட்டாது, கடிக்காது. அது கொம்பே அல்ல. தலைக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கும் சதைக்கவை. அதன் நெடியில் எறும்பு விலகிவிடும். நாமும் மூக்கைச் சுளிப்போம், அவ்வளவுதான்.

உங்கள் செடியில் இருப்பது அநேகமாகக் 'கறிவேப்பிலை அழகி' வண்ணத்துப்பூச்சியின் புழு. தாய்ப்பூச்சி முன்னங்காலால் இலையைத் தட்டி, அதிலேயே ருசி பார்த்து, கொழுந்தில் ஒவ்வொன்றாக முட்டையிடும். பொரிந்த குஞ்சுப்புழு காக்கை எச்சம் போலவே இருப்பதால் பறவை சீண்டாது; நீங்களும் கவனித்திருக்க மாட்டீர்கள். கடைசித் தோலை உரித்த பிறகுதான் இந்தப் பச்சை. தின்பதெல்லாம் இப்போதுதான்!

மருந்து வேண்டாம், அதே இலை நாளைக்கு ரசத்தில் விழப்போகிறது. புழுவை இலையோடு கிள்ளி, பக்கத்தில் உள்ள எலுமிச்சையிலோ வில்வத்திலோ விடுங்கள். மூன்றும் ஒரே குடும்பம், சாப்பாட்டுக்குக் குறையிருக்காது. இனி கொழுந்தின் அடியையும் வாரம் இருமுறை புரட்டிப் பாருங்கள், கடுகளவு மஞ்சள் முட்டை தெரியும். மொட்டையான கிளையின் நுனியை வெட்டிவிட்டால் பக்கத்துளிர் விடும்.