கொசு வரைபடம் போட வரும் பிள்ளைகளுக்கு

1. கொசு கிடைக்காத இடத்தையும் எழுதி வையுங்கள். பத்துக் கேணிகளில் வாளி விட்டுப் பார்த்து ஒன்றில்தான் புழு இருந்தது என்றால், மற்ற ஒன்பதும் பதிவுதான். புதிதாக வருகிறவர்கள் அதைத் தோல்வியாக நினைத்து நோட்டிலிருந்து விட்டுவிடுகிறார்கள். தேடியும் கிடைக்காத ஊரும், யாருமே எட்டிப் பார்க்காத ஊரும் படத்தில் ஒரே வெள்ளையாகக் கிடந்தால், பார்ப்பவர் இரண்டையும் ‘கொசு இல்லை’ என்றே படிப்பார். சில படங்களில் புள்ளிகள் தார்ச்சாலை ஓரமாகவே வரிசை கட்டி நிற்கும். சாலையைப் பிடித்துப் போனது ஜீப், கொசு அல்ல.

2. நோய் ஒழிந்த ஊரிலும் தேடுங்கள். 2016 செப்டம்பரில் இலங்கைக்கு மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அந்த டிசம்பரிலேயே மன்னார்த் தீவின் கிணறுகளில் அனாபிலிஸ் ஸ்டீபன்சி அகப்பட்டது. அதுவரை அந்நாட்டில் பதிவே இல்லாத இனம். சென்னைக்கு அது பழைய ஆள். கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் குடும்பம் நடத்துவது. சான்றிதழ் வந்துவிட்டதே என்று அங்குள்ளவர்கள் வாளியைக் கீழே வைத்திருந்தால் அந்தப் புள்ளி விழுந்திருக்காது. இதே கொசு 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டது. பிறகு எத்தியோப்பியா, நைஜீரியா, கென்யா என்று பரவிக்கொண்டிருக்கிறது. கிராமத்து நோயாகவே மலேரியாவைப் பார்த்துப் பழகிய நாடுகளில் நகரத்துத் தண்ணீர்த் தொட்டியில் வளரும் கொசு வந்து இறங்கியிருக்கிறது. இப்போதைக்கு இதைவிடக் கவலை தரும் வரைபடம் எனக்குத் தெரிந்து இல்லை.

3. கண்ணை மட்டும் நம்பிப் பெயர் வைக்காதீர்கள். அனாபிலிஸ் கியூலிசிஃபேசிஸ் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது ஏ, பி, சி, டி, இ என ஐந்து உடன்பிறப்புகள். லென்ஸில் பார்த்தால் எல்லாம் ஒரே முகம்தான். ‘பி’ மலேரியா பரப்புவதில் சோம்பேறி. ராமேஸ்வரம் தீவில் ‘பி’ என்றே கருதப்பட்டவற்றுக்குள் நோயைப் பரப்பும் ‘இ’ ஒளிந்திருந்தது 1999இல்தான் வெளிவந்தது. ஆகவே பிடித்ததைத் தூக்கி எறியாதீர்கள். சிலிக்கா ஜெல் போட்ட குழாயில் உலர வைத்துப் பாதுகாத்தால், பின்னால் ஆய்வகத்தில் மரபணு பார்த்துப் பெயரைத் திருத்தலாம்.

4. கொசுவோடு குப்பியில் போடும் சீட்டில் பென்சிலால் எழுதுங்கள். ஆல்கஹாலில் பேனா மை கரைந்துபோகும்.

5. அட்சரேகை முதலில், தீர்க்கரேகை பிறகு. மாற்றிப் போட்டால் மதுரைக் கொசு ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்டு பக்கம் போய் உட்காரும். சிரிக்க வேண்டாம், நடக்கிறது.

6. தேதி இல்லாத புள்ளி பாதிப் புள்ளி. மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் ட்ரைடினியோரிங்கஸ் நெல்வயல் கொசு. நாற்று நட்டு வயலில் தண்ணீர் நிற்கும் நாட்களில், பொழுது சாயும் நேரத்தில் மாட்டுத் தொழுவத்துப் பக்கம் போனால் கொசு பிடிக்கும் உறிஞ்சுகுழாய் நிரம்பும். வயல் காய்ந்து கிடக்கும் சித்திரையில் அதே ஊருக்குப் போனால் தேடித்தான் பிடிக்க வேண்டும். இரண்டு பேர் இரண்டு மாதங்களில் போய்விட்டு வந்து ஊர் மாறிவிட்டதாகச் சண்டை போடுவார்கள்.

7. கணினி சிவப்பும் மஞ்சளும் தீட்டித் தரும் படம் ஊகம். மழை, வெப்பம், உயரம் ஆகியவற்றை வைத்துக் கொசு எங்கெங்கே வாழக்கூடும் என்றுதான் அது சொல்லும். நீங்கள் பார்த்த புள்ளிகளை அதன் மேல் வேறு குறியில் காட்டுங்கள். இன்னொன்று, ஜீப் போன பாதையை மட்டும் ஊட்டினால் மென்பொருளும் ஜீப் பாதையைத்தான் கற்றுக்கொள்ளும்.

8. வீட்டுக்குள் போகுமுன் கேளுங்கள். “அம்மா, தொட்டி மூடியைத் திறந்து பார்க்கலாமா?” என்ற ஒரு வார்த்தை போதும். புழு கிடைத்தால் வெள்ளைத் தட்டில் ஊற்றி அவர்களிடமே காட்டுங்கள். அதிகாரி மாதிரி மிரட்ட வேண்டாம். கதவு எண்ணோடு உள்ள படம் அலுவலகத்திலேயே இருக்கட்டும், வெளியே தெரு அளவில் மட்டும் கொடுங்கள். டெங்கு வீடு என்று அக்கம்பக்கத்தில் பேர் வாங்கிக் கொடுத்துவிட்டால், அடுத்த மாதம் அந்த கேட் உங்களுக்குத் திறக்காது.